சொல்லிவிட்டால் கடமை முடிந்ததா?

விற்கும் பொருளில் உள்ள குறையை வாங்குபவனிடம் சொல்ல விற்பவன் கடமைப்பட்டவனா? சந்தை தோன்றிய நாளிலிருந்தே மனிதன் கேட்டுவரும் கேள்வி இது. கி.மு. 44ஆம் ஆண்டில் உரோமைச் சிந்தனையாளர் சிசரோ தம் மகனுக்கென எழுதிய 'கடமைகள்' என்னும் நூலின் மூன்றாம் பகுதியில் இதனை விரிவாக ஆராய்கிறார். ஒருவன் தன் வீட்டை விற்கிறான். அது உடல்நலத்திற்கு ஒவ்வாத வீடு. மரங்கள் உளுத்தவை; படுக்கையறைகளில் பாம்புகள் தலைகாட்டுகின்றன. இவை எல்லாம் வீட்டுக்காரனுக்கு மட்டுமே தெரியும். அவன் வாய்திறவாமல் விற்றுவிட்டால் அது அநீதியா?

இதுபற்றிப் பழங்கால மெய்யியலார் இருவர் மாறுபட்டனர் என்று சிசரோ குறிப்பிடுகிறார். பாபிலோனைச் சேர்ந்த தியோஜெனிஸ், வாங்கும்படி எவரையும் வற்புறுத்தவில்லை, ஆகவே பேசாதிருப்பது மறைப்பதாகாது என்றார். அவருடைய மாணவரான தர்சு நகர அந்திப்பாத்தரோ, மனிதர் அனைவரும் ஒரே சமுதாயத்தின் உறுப்பினர்கள், பிறர் நலனுக்கு இன்றியமையாத ஒன்றை அறிந்தும் சொல்லாதிருப்பது அச்சமுதாய உறவையே அறுப்பதாகும் என்றார். சிசரோ மாணவரின் பக்கமே நின்றார்.

பதின்மூன்றாம் நூற்றாண்டில் புனித தாமஸ் அக்குவினாஸ் தம் 'இறையியல் தொகுப்பு' நூலில் இதே கேள்வியை எடுத்துக்கொண்டு, ஒரு நுண்ணிய வேறுபாட்டைக் காட்டினார். ஒற்றைக்கண் குதிரையை விற்பவன் அதன் குறையைச் சொல்ல வேண்டியதில்லை. அது வாங்குபவனின் கண்ணுக்கே தெரியும். விலையை மட்டும் அதற்கேற்பக் குறைத்தால் போதும். ஆனால் குறை மறைந்திருந்து, அதனால் வாங்குபவனுக்கு இழப்போ ஆபத்தோ நேருமாயின், சொல்லியே ஆகவேண்டும். மறைவான குறை, ஆபத்தான குறை என்னும் இவ்விரண்டும் சேரும் இடத்தில் மௌனம் குற்றமாகிறது.

இவ்வளவும் சரியே. ஆனால் இவர்கள் எண்ணிப் பார்த்த விற்பனை ஒரு நாளில் முடிந்துவிடுவது. பணம் கைமாறும், குதிரை கைமாறும், இருவரும் தத்தம் வழியே போவர். விற்றபின் குறை தெரியவந்தால் என்ன செய்வது? அதுவும், வாங்கியவர் அப்பொருளை இரவும் பகலும் உடலோடு பிணைத்துக்கொண்டு, அது இன்றி ஒரு நாளும் கழிக்க இயலாத நிலையில் இருந்தால்? இன்றைய மருத்துவக் கருவிகள் நம்முன் வைக்கும் புதிய கேள்வி இதுவே. அவற்றுள் ஒன்றான இன்சுலின் பம்பை எடுத்துக்கொண்டு இதனை ஆராய்வோம்.

துளியின் கணக்கு

1921ஆம் ஆண்டில் கனடாவின் டொராண்டோ நகரில் பேன்டிங், பெஸ்ட் ஆகியோரின் ஆய்வால் இன்சுலின் வெளிப்பட்டது. 1922 சனவரியில் பதினான்கு வயதுச் சிறுவன் ஒருவனுக்கு அது முதன்முதலாகச் செலுத்தப்பட்டது. அதுவரை முதல் வகை நீரிழிவு ஒரு குழந்தையைத் தாக்கினால், பெற்றோர் சாவுக்காகக் காத்திருப்பதைத் தவிர வேறு வழி இருந்ததில்லை. கண்டறிந்தவர்கள் காப்புரிமையை ஆளுக்கு ஒரு டாலர் என்னும் பெயரளவு விலைக்கு டொராண்டோ பல்கலைக்கழகத்திடம் ஒப்படைத்தனர். இம்மருந்து தொடங்கிய இடமே ஓர் அறச்செயலாக அமைந்தது என்பதை நாம் நினைவிற்கொள்வது நல்லது.

முதல் வகை நீரிழிவில் கணையம் இன்சுலினை ஏறக்குறைய முற்றிலும் சுரக்காது. நாள்தோறும் பல முறை ஊசி போட்டுக்கொள்வது ஒரு வழி. பம்பு மற்றொரு வழி. உள்ளங்கையில் அடங்கும் சிறு கருவி அது. உள்ளே மருந்து நிரம்பிய சிறு குப்பி. அதை அடியிலிருந்து மெல்ல மெல்லத் தள்ளும் உந்துதண்டு. அங்கிருந்து புறப்படும் மெல்லிய குழாய். அதன் முனை வயிற்றின் தோலுக்கு அடியில். பகலும் இரவும் சிறு சிறு அளவாக மருந்து சென்றுகொண்டே இருக்கும். உண்ணும் வேளையில், உண்ணும் அளவிற்கேற்பக் கூடுதலாகச் செலுத்துமாறு நோயாளி கட்டளை இடுவார். அண்மைக் காலத்துப் பம்புகள், தோலில் ஒட்டிய உணர்கருவி சர்க்கரை அளவைத் தெரிவிக்க, அதற்கேற்பத் தாமே மருந்தைக் கூட்டவும் குறைக்கவும் செய்கின்றன.

இதில் அளவு எவ்வளவு நுண்ணியது என்பதை எண்ணிப் பாருங்கள். வழக்கமான இன்சுலினில் ஒரு மில்லி லிட்டருக்கு 100 யூனிட். அப்படியானால் ஒரு யூனிட் என்பது ஒரு மில்லி லிட்டரில் நூறில் ஒரு பங்கு. ஒரு மில்லி லிட்டருக்கு இருபது துளி என்று கொண்டால், கண்ணுக்குத் தெரியும் ஒரே ஒரு துளியில் ஐந்து யூனிட் இருக்கிறது. சிறு குழந்தைக்கோ அரை யூனிட் கூடினாலும் குறைந்தாலும் வேறுபாடு தெரியும். மருந்து மிகுந்தால் சர்க்கரை தாழ்ந்து, நடுக்கமும் குழப்பமும் தோன்றி, வலிப்பும் மயக்கமும் வந்து, உயிரே போகலாம். மருந்து நின்றால் வேறொரு ஆபத்து. பம்பில் விரைந்து செயற்படும் இன்சுலின் மட்டுமே இருப்பதால், உடலில் மருந்தின் சேமிப்பு இராது. சில மணி நேரத்திற்குள் சர்க்கரை ஏறத் தொடங்கும். கீட்டோன் என்னும் அமிலப் பொருள்கள் இரத்தத்தில் பெருகும். கவனியாது விட்டால் மரணம். இரு பக்கமும் பள்ளம், நடுவே ஒற்றையடிப் பாதை. அந்தப் பாதையில் நோயாளியைக் கைப்பிடித்து நடத்துவது இந்தச் சிறு பொறி.

ஒரு வளையத்தின் கதை

பம்பில் மருந்துக் குப்பியை அசையாமல் பிடித்து வைத்துக்கொள்வது ஒரு சிறு பிளாஸ்டிக் வளையம். மெட்ரானிக் நிறுவனத்தின் மினிமெட் 600 வரிசைப் பம்புகளில் இந்த வளையம் உடைவதும் கழன்றுபோவதும் தெரியவந்தது. வளையம் தளர்ந்தால் குப்பி தன் இடத்தில் நிற்காது. குப்பிக்கும் உந்துதண்டிற்கும் இடையே இடைவெளி விழுந்தால் மருந்து செல்லாது. குழாய் உடலோடு இணைந்திருக்கும்போதே குப்பியை அழுத்திப் பொருத்த முயன்றால், ஒரே நேரத்தில் மிகுதியான மருந்து உள்ளே பாய்ந்துவிடக்கூடும்.

2019 நவம்பரில் அந்நிறுவனம் பயன்படுத்துவோர்க்கு அறிவிப்பு அனுப்பியது. 2020 பிப்ரவரியில் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் இதனை 'முதல் வகுப்பு' என வகைப்படுத்தியது. பொருளைப் பயன்படுத்துவதால் கடுமையான தீங்கோ மரணமோ நேர வாய்ப்புண்டு என்னும்போதுதான் இவ்வகுப்பில் சேர்ப்பர். அமெரிக்காவில் மட்டும் 3,22,005 பம்புகள் இதில் அடங்கின. அந்நேரம் வரை 26,421 முறையீடுகள் வந்திருந்தன. 2,175 பேர் தீங்குற்றதாகவும் ஒருவர் இறந்ததாகவும் நிறுவனத்திற்குத் தகவல் கிடைத்திருந்தது. ஒவ்வொன்றிற்கும் வளையமே காரணம் என்று இவ்வெண்கள் மெய்ப்பிக்கவில்லை. ஆயினும் எச்சரிக்கைக்கு இவை போதும்.

அந்த முதல் அறிவிப்பு சொன்னது என்ன? உங்கள் பம்பின் வளையத்தை நன்கு பாருங்கள். தளர்ந்தோ உடைந்தோ காணாமலோ இருந்தால் பம்பைப் பயன்படுத்துவதை நிறுத்திவிட்டு, மருத்துவர் சொன்னபடி ஊசிக்கு மாறுங்கள். மாற்றுப் பம்பிற்கு நிறுவனத்தைத் தொடர்புகொள்ளுங்கள். ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளுக்குப் பின், 2021 அக்டோபரில், அறிவிப்பு விரிவாக்கப்பட்டது. ஒளி ஊடுருவும் பழைய வளையம் கொண்ட பம்பு எதுவாயினும், அது உடைந்திருந்தாலும் இல்லாவிட்டாலும், உத்தரவாதக் காலம் முடிந்திருந்தாலும், கருப்பு வளையம் கொண்ட புதிய பம்பு கட்டணமின்றித் தரப்படும் என்று நிறுவனம் அறிவித்தது.

இவ்விரு அறிவிப்புகளுக்கும் இடையே உள்ள தொலைவை அறநெறிக் கண்ணோடு நாம் நோக்க வேண்டும். முதல் அறிவிப்பிலும் பொய் இல்லை, மறைப்பு இல்லை. அந்திப்பாத்தர் கேட்டதும் அக்குவினாஸ் கேட்டதும் அதில் நிறைவேறிவிட்டன. குறை சொல்லப்பட்டது. ஆயினும் அச்சொல்லால் நேர்ந்தது என்ன? குறையைக் கண்காணிக்கும் பொறுப்பு செய்தவரிடமிருந்து அணிந்தவரிடம் போய்ச் சேர்ந்தது. இன்று உடையாத வளையம் நாளை உடையலாம். ஒவ்வொரு முறை குப்பியை மாற்றும்போதும் நோயாளி அதனைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். நீரிழிவால் பார்வை மங்கியவர்களும் இவர்களுள் உண்டு என்பதை மறக்கலாகாது. இரண்டாம் அறிவிப்போ அப்பொறுப்பைத் திரும்ப எடுத்துக்கொண்டது. 'பழுது எங்களுடையது, அதைத் தீர்ப்பதும் எங்களுடையதே' என்னும் பொருள் அதில் இருந்தது. முன்னது உண்மையைச் சொன்னது. பின்னது உண்மைக்கு ஏற்ப நடந்தது.

2021ஆம் ஆண்டின் நடுவில் கலிபோர்னியாவின் நார்த்ரிட்ஜில் உள்ள அந்நிறுவனத்தின் நீரிழிவுப் பிரிவை அரசு அலுவலர் ஆய்வு செய்தனர். முறையீடுகளைக் கையாண்ட முறையிலும் ஆபத்தை மதிப்பிட்ட முறையிலும் குறைகள் இருந்தனவென்று அவ்வாண்டு டிசம்பரில் எச்சரிக்கைக் கடிதம் வந்தது. திருத்தங்கள் செய்யப்பட்டபின் 2023இல் அது முடித்துவைக்கப்பட்டது. இதனை ஒரு நிறுவனத்தின் மீது பழி சுமத்துவதற்காக நாம் கூறவில்லை. ஆயிரக்கணக்கான முறையீடுகள் தனித்தனிக் கோப்புகளில் கிடக்கும்போது, அவை எல்லாம் சேர்ந்து சொல்லும் ஒரே செய்தி எவர் காதிலும் விழாமற் போகக்கூடும். அறநூலார் வெல்ல முடியாத அறியாமை, வெல்லக்கூடிய அறியாமை என இரண்டைப் பிரித்துச் சொல்வர். அறிய வழியே இல்லாதபோது அறியாதிருப்பது குற்றமன்று. அறிய வழி இருந்தும், கோப்பு கையில் இருந்தும், அறிய முற்படாதிருப்பது குற்றமே. 'எங்களுக்குத் தெரியாது' என்னும் விடை எப்போதும் விடையாகிவிடாது. 'தெரிந்துகொள்ள நீங்கள் செய்தது என்ன?' என்னும் கேள்வி அதன் பின்னே வந்து நிற்கும்.

புள்ளியும் மின்கலமும்

வளையம் கண்ணுக்குத் தெரியும் பொருள். மென்பொருளில் வரும் பழுதோ கண்ணுக்குப் புலப்படாதது.

தமிழில் புள்ளியின் அருமை நமக்குத் தெரியும். மெய்யெழுத்தின் தலைமேல் உள்ள புள்ளி மறைந்தால் சொல்லே மாறிவிடும். ஓலை கிழிந்துவிடும் என்று சுவடிகளில் புள்ளி இடாமல் எழுதினர் நம் முன்னோர். படிப்பவர் இடம் நோக்கிப் பொருளை உணர்ந்துகொண்டார். பொறிக்கு இந்த உணர்வு கிடையாது. ஆம்னிபாட் 5 என்னும் பம்பை இயக்கும் ஆண்ட்ராய்டு செயலியில், மருந்தின் அளவை மாற்றும்போது முதலில் தசமப் புள்ளியை இட்டால், சில வேளைகளில் அப்புள்ளி பதிவாகாமற் போனது 2023ஆம் ஆண்டின் இறுதியில் வெளியிடப்பட்டது. அரை யூனிட் என்று எண்ணி ஒருவர் புள்ளியும் ஐந்தும் இடுகிறார். புள்ளி விழவில்லையென்றால் ஐந்து யூனிட். பத்து மடங்கு! உறுதிசெய்யும் முன் திரையை மீண்டும் பார்ப்பவர் தப்பிப்பார். பசியோடு அழும் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு, நள்ளிரவில், அரைத்தூக்கத்தில் எண்ணை இடும் தாய் பார்ப்பாரா?

2024ஆம் ஆண்டில் மற்றொன்று. டாண்டெம் நிறுவனத்தின் டி-ஸ்லிம் எக்ஸ்2 பம்போடு ஐபோனில் இயங்கும் செயலியின் 2.7 என்னும் பதிப்பு அடிக்கடி நின்று நின்று மீண்டும் தொடங்கியது. அதனால் புளூடூத் வழியே பம்போடு ஓயாது பேசிக்கொண்டே இருந்தது. அப்பேச்சினால் பம்பின் மின்கலம் எதிர்பார்த்ததற்கு முன்பே தீர்ந்து, பம்பு நின்றுபோனது. உறங்குபவருக்கு மருந்து நின்றது தெரியாமற் போகலாம். அவ்வாண்டு ஏப்ரல் நடுப்பகுதி வரை 224 பேர் தீங்குற்றதாகத் தகவல். மரணம் எதுவும் தெரிவிக்கப்படவில்லை. திருத்திய பதிப்பு வெளியாயிற்று. பம்பை எவரும் திருப்பி அனுப்ப வேண்டியிருக்கவில்லை. இருந்த இடத்திலேயே செயலியைப் புதுப்பித்துக்கொண்டால் போதும்.

'திரும்பப் பெறுதல்' என்னும் சொல் இங்கே நம்மை ஏமாற்றக்கூடும். பொருளை வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள் என்று நாம் நினைக்கிறோம். பெரும்பாலும் அப்படியன்று. திருத்துவது, அறிவுரை மாற்றுவது, புதிய பதிப்பைத் தருவது ஆகிய எல்லாமே இச்சொல்லுள் அடங்கும். கட்டாயமாகத் திரும்பப் பெறச் செய்யும் அதிகாரத்தை 1990ஆம் ஆண்டுச் சட்டம் அமெரிக்க அரசுக்குத் தந்திருப்பினும், நடைமுறையில் நிறுவனங்களே முன்வந்து அறிவிப்பதுதான் மிகுதி. அதாவது, இந்த ஏற்பாடு முழுவதும் ஒருவரின் மனச்சான்றின்மேல் பெரிதும் சாய்ந்து நிற்கிறது.

கீழே வைக்க முடியாத பொருள்

ஒரு காரில் பழுதென்று அறிவிப்பு வந்தால் அதைக் கொட்டகையில் நிறுத்திவிட்டுப் பேருந்தில் போகலாம். மின்விசிறியில் பழுதென்றால் கழற்றி வைத்துவிடலாம். பம்பு அணிந்தவர் அப்படிச் செய்ய இயலாது. பழுது என்று தெரிந்த அந்த நொடியிலும் அதே பம்புதான் அவருக்கு உயிரூட்டிக்கொண்டிருக்கிறது. ஊசிக்கு மாறலாம் என்று எழுதுவது எளிது. நீண்ட நேரம் செயற்படும் இன்சுலின் வீட்டில் இருக்க வேண்டும். எத்தனை யூனிட் என்று மருத்துவர் சொல்லியிருக்க வேண்டும். பல ஆண்டுகளாகப் பம்பையே நம்பியிருந்த கைகளுக்குப் பழைய பழக்கம் திரும்ப வேண்டும். இவை இல்லாதவருக்கு அறிவிப்பு அச்சத்தை மட்டுமே கொண்டுவருகிறது.

ஆகவே நாம் துணிந்து ஒன்று சொல்வோம். பொருளை நம்பி உயிர் வாழ்பவருக்குச் செய்யவேண்டிய கடமை, குறையைச் சொல்வதோடு முடிவதில்லை. அச்செய்தி உரியவரைச் சென்றடைய வேண்டும். அவருக்கு விளங்கும் சொல்லில் அடைய வேண்டும். மாற்று வழியும் அதனோடு கைசேர வேண்டும். அறிவிப்பு வெளியான நாளோடு கணக்கை முடித்துக்கொள்பவர், கிணற்றுள் விழுந்தவனை நோக்கி 'கிணறு ஆழம்' என்று கூவிவிட்டுப் போகின்றவரை ஒப்பார். சொன்னது உண்மைதான், கயிறு எங்கே?

இதற்கு ஒரு மறுப்பு எழும். எல்லாக் குறைகளையும் உடனுக்குடன் ஊரறியச் சொன்னால் மக்கள் அஞ்சி நல்ல கருவியையும் கைவிடுவர் அல்லவா? இது புறந்தள்ளத்தக்க மறுப்பன்று. பம்பினால் பலரின் சர்க்கரை கட்டுக்குள் நிற்கிறது. இரவில் பெற்றோர் கண்ணயர முடிகிறது. பிள்ளைகள் பள்ளியில் மற்றவரைப்போல் விளையாட முடிகிறது. அமெரிக்க அரசிடம் பதிவான மருத்துவக் கருவி முறையீடுகளில் இன்சுலின் பம்புகளைப் பற்றியவையே எண்ணிக்கையில் முதலிடம் பெற்றன என்று 2018ஆம் ஆண்டில் அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம் எழுதியது. அதனைப் படிப்பவர் பம்பே தீயது என்று முடிவு கட்டிவிடக்கூடாது. நாள் முழுதும் இயங்கும் கருவி, அணிபவர் கையால் இயங்கும் கருவி. அதில் முறையீடு மிகுவது இயல்பு. முறையீடு பதிவாகும் நாட்டில் எண் கூடித் தெரியும். பதிவாகாத நாட்டில் எண் தெரியாது. எண் தெரியாமையைப் பாதுகாப்பு என்று கொள்வது பேதைமை.

அச்சத்திற்கு மருந்து மௌனம் அன்று. செய்தியோடு வழியும் வந்தால் அச்சம் தணியும். வழியின்றி வரும் செய்தியே மனிதனை நிலைகுலையச் செய்கிறது.

திறந்து கிடந்த கதவு

இன்னும் சிக்கலான ஒரு நிகழ்ச்சி உண்டு. நோயாளிக்கும் இதில் பொறுப்பும் உரிமையும் உள்ளன என்பதை அது காட்டுகிறது.

2011ஆம் ஆண்டில் அமெரிக்காவில் நடந்த கணினிப் பாதுகாப்பு மாநாடு ஒன்றில் ஜே ராட்கிளிஃப் என்னும் வல்லுநர் தம் சொந்தப் பம்பிற்கே வெளியிலிருந்து கட்டளை இட முடியும் என்று காட்டினார். அவரும் நீரிழிவு நோயாளியே. கம்பியில்லா வழியில் கட்டளை ஏற்கும் அக்கருவிகளில், கட்டளை இடுபவர் உரியவர்தாமா என்று சரிபார்க்கும் காவல் போதுமானதாக இல்லை. 2019 சூன் மாதத்தில் மெட்ரானிக்கின் மினிமெட் 508, பாராடைம் வரிசைப் பழைய பம்புகளைப் பற்றி அமெரிக்க நிர்வாகம் எச்சரித்தது. அப்பம்புகளைப் பயன்படுத்தக்கூடியவர்கள் அந்நாட்டில் ஏறத்தாழ 4,000 பேர் எனக் கணக்கிடப்பட்டது. இவ்வழியில் எவருக்கும் தீங்கு நேர்ந்ததாக உறுதியான தகவல் இல்லை. ஆயினும் இக்கருவிகளில் அக்குறையை மென்பொருளால் தக்கவாறு திருத்த இயலாதாகையால், வேறு பம்பிற்கு மாறுமாறு அறிவுரை தரப்பட்டது.

வியப்பு என்னவெனில், இந்தப் பழைய பம்புகளையே சிலர் தேடித் தேடி வாங்கிக்கொண்டிருந்தனர். திறந்து கிடந்த அதே கதவின் வழியே, தாங்களே எழுதிய நிரலைக் கொண்டு பம்பைத் தானியங்கச் செய்திருந்தனர் அவர்கள். உணர்கருவி காட்டும் சர்க்கரை அளவைச் சிறு கணினி படித்து, மருந்தைத் தானே கூட்டியும் குறைத்தும் வந்தது. நிறுவனங்கள் அத்தகைய கருவியை விற்பனைக்குக் கொண்டுவரும் முன்பே, 2015ஆம் ஆண்டில், டானா லூயிஸ் என்னும் நோயாளியும் அவருடைய துணைவரும் மற்றவர்களும் சேர்ந்து இம்முறையை எல்லோருக்கும் பொதுவாக வெளியிட்டனர். ஒருவருக்குப் பழுதாகப் பட்டது மற்றொருவருக்கு விடுதலையாயிற்று.

இவர்கள் செய்தது சரியா? தன் உயிரைத் தானே ஆபத்துக்கு உள்ளாக்குவதை அறநெறி எளிதில் ஏற்பதில்லை. ஆனால் இவர்கள் அசட்டையாக நடந்தவர்கள் அல்லர். இரவில் சர்க்கரை தாழ்ந்து எழாமலே போய்விடுவோமோ என்னும் அச்சத்தில் வாழ்ந்தவர்கள். ஓர் ஆபத்தை மற்றோர் ஆபத்தோடு நிறுத்துப் பார்த்து, அறிந்து, தெரிந்து ஒன்றைத் தேர்ந்தவர்கள். விவேகம் என்னும் நற்பண்பு இத்தகைய இடத்தில்தான் வேலை செய்கிறது. அம்முயற்சிகளின் வழிவந்த டைட்பூல் லூப் என்னும் மென்பொருளுக்கு 2023 சனவரியில் அமெரிக்க நிர்வாகமே ஒப்புதல் வழங்கியது. நோயாளியை மருந்து வாங்கும் வாயாக மட்டும் கருதாமல், தன் உடலைப்பற்றி அறிவோடு முடிவு செய்யவல்ல மனிதராகக் கருதவேண்டும் என்பது இதனால் நாம் பெறும் பாடம்.

ஆயினும் இங்கே ஒரு நிபந்தனை உண்டு. கதவு திறந்திருக்கிறது என்பதை அறிந்து அதனுள் நுழைபவர் வேறு. கதவு திறந்திருப்பதே தெரியாமல் அவ்வீட்டில் உறங்குபவர் வேறு. முன்னவருக்கு விருப்பத்தேர்வு உண்டு. பின்னவருக்கு அது இல்லை. உண்மை தெரியாதவரிடம் 'நீதானே ஏற்றுக்கொண்டாய்' என்று சொல்ல எவருக்கும் உரிமையில்லை.

நம் நாட்டில்

நம் நாட்டில் நீரிழிவு நோயாளரில் மிகப் பெரும்பாலோர் மாத்திரையிலும் ஊசியிலும் வாழ்பவர்கள். பம்பின் விலை இலட்சங்களில் இருப்பதால் அது சிலர்க்கே எட்டுகிறது. ஆயினும் சர்க்கரை பார்க்கும் கருவி முதல் இன்சுலின் பேனா வரை ஏதேனும் ஒரு கருவி இன்று வீடுதோறும் புகுந்துவிட்டது. மருத்துவக் கருவிகளால் விளையும் தீங்குகளைப் பதிவு செய்ய 2015ஆம் ஆண்டில் இந்திய அரசு தனித் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. 2017ஆம் ஆண்டு மருத்துவக் கருவி விதிகள் 2018 சனவரி முதல் நடைமுறைக்கு வந்தன. சட்டம் இருக்கிறது. அது உயிர் பெறுவதோ நாம் முறையிடுவதைப் பொறுத்தது. 'போகட்டும், வேறு வாங்கிக்கொள்வோம்' என்று பழுதான கருவியைக் குப்பையில் எறிபவர், அதே பழுதால் வருந்தப்போகும் முகந்தெரியாத ஒருவருக்கான எச்சரிக்கையையும் சேர்த்தே எறிந்துவிடுகிறார். அந்திப்பாத்தர் விற்பவனுக்குச் சொன்ன கடமை, வாங்கியவருக்கும் இவ்வகையில் உண்டு.

இன்னொன்றும் நம் கருத்திற்கு உரியது. திரும்பப் பெறும் கடிதம் எவருக்குப் போகும்? வாங்கியபோது பெயரைப் பதிவு செய்தவருக்கு. விலை கொடுக்க இயலாத ஒருவர், மற்றவர் பயன்படுத்திவிட்ட பம்பை அன்பளிப்பாகவோ குறைந்த விலைக்கோ பெற்றிருந்தால், கடிதம் பழைய முகவரிக்கே போய்ச் சேரும். இரக்கத்தால் கொடுத்தவர் நல்லவரே. ஆயினும் கருவியோடு செய்தியும் போகும்படி பார்த்துக்கொள்வது அந்த இரக்கத்தின் கடமை. கருவியின் தொடர் எண்ணைக் குறித்து வைத்தல், புதியவரின் பெயரை நிறுவனத்திடம் பதிவு செய்தல், எப்போதும் ஊசியும் மாற்று இன்சுலினும் கையிருப்பில் வைத்தல், எத்தனை யூனிட் என்பதை மருத்துவரிடம் எழுதி வாங்கி வைத்தல் ஆகியவை சிறு செயல்கள்தாம். ஏழையின் வீட்டில் இவற்றைச் செய்துகொடுக்க அண்டை வீட்டாரோ, ஆசிரியரோ, பங்கில் உள்ள இளைஞரோ முன்வரலாம். செய்தி கடைசியாகப் போய்ச் சேரும் இடம் எப்போதும் ஏழையின் வாசலாகவே இருக்கவேண்டும் என்று எந்த விதியும் இல்லை.

மீண்டும் முதற்கேள்விக்கு வருவோம். குறையைச் சொல்வது கடமையா என்று முன்னோர் கேட்டனர். ஆம் என்று விடையும் கண்டனர். அவ்விடையை நாம் இன்னும் ஓர் அடி முன்னெடுத்துச் செல்ல வேண்டியிருக்கிறது. பம்பு அணிந்த ஒருவரின் கையில் அந்த அறிவிப்புக் கடிதம் மாலையில் வந்து சேர்கிறது என்று வைத்துக்கொள்வோம். கருவியின் பெயர், எண், பழுதின் தன்மை, அதன் வகுப்பு எல்லாம் அதில் இருக்கலாம். படித்து முடித்ததும் அவர் மனத்தில் எழும் கேள்வி ஒன்றே: 'இன்றிரவு நான் என்ன செய்வது?' அக்கேள்விக்கு விடையும், அவ்விடையின்படி நடப்பதற்கான பொருளும் அவர் கைக்கு வந்து சேரும் வரை, அப்பொருளைச் செய்தவரின் கடமை நிலுவையிலேயே இருக்கிறது.